மன்னிக்காதவள் பிடித்த வடம்

கல்குவாரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் பனி விலகவில்லை. ஆப்பிள் பறித்து முடிந்த வாரம் அது. எங்கள் எர்வால் ஊரே அங்கே திரண்டிருந்தது. ரொட்டி சுடுகிறவர்கள், தோல் பதனிடுகிறவர்கள், ஊரை ஆளும் பிரபு வீட்டுப் பெண்கள் எல்லோரும் மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார்கள். நடுவில் வண்டி. அதன்மேல், புதுக்கோயில் தூணுக்காக வெட்டிய ஒரே பெரிய கல். முன்னால் நீளமாகப் போட்டிருந்தது வடம்.

மாடுகள் உயிரோடு இருந்திருந்தால் எங்களுக்கு அங்கே வேலையே இல்லை. கோடையில் வந்த நோயில் ஊர் மாடுகள் ஒன்று மிச்சமில்லாமல் வாயில் நுரை தள்ளிச் செத்தன. மனிதர்களே வண்டி இழுக்கட்டும் என்று ஆயர் சொல்லி அனுப்பிவிட்டார்.

வடம் பிடிக்க ஒரு நிபந்தனை உண்டு. பகை வைத்திருக்கிற கை வடத்தில் படக்கூடாது. முதலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பிறகு, எனக்குத் தீங்கு செய்தவனை மன்னித்தேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொல்ல மறுப்பவரை வரிசையிலிருந்து பிடித்துத் தள்ளுவார்கள். வடத்தைத் தொட்டுக்கொண்டு சொன்ன மன்னிப்பு சொன்னதுதான். அதற்குப் பிறகு எந்தப் பஞ்சாயத்திலும் அந்த ரத்தத்துக்கு நியாயம் கேட்க முடியாது. பகைக்காரக் கை ஒன்று ஒளிந்திருந்தாலும் வண்டி நகராது என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஜிராருக்கு வேண்டியதும் அதுதான். என் வாயிலிருந்து ஒரு சொல்.

ஜிரார் யாரென்று சொல்லிவிடுகிறேன். குவாரியும் அவனுடையது, வண்டியும் அவனுடையது. போன வருடம் என் தங்கை அவிஸ் மேல் அந்த வண்டியை ஏற்றியவன் அவன்தான். குவாரியிலிருந்து ஊருக்கு வருகிற பாதை ஓரிடத்தில் இரண்டு பக்கமும் மண்மேடாக ஒடுங்கி, வளைந்து ஏறும். அவிஸ் நூல் நாருக்காகக் குட்டையில் ஊறவைத்த ஆளிச்செடியின் தட்டைகளைக் கட்டாகக் கட்டி முதுகில் சுமந்துகொண்டு அந்த வளைவில் வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அவளைவிடப் பெரிய சுமை. ஒதுங்க இடமில்லை. எதிரே மாடுகள் வந்தன, மேலே ஜிரார் உட்கார்ந்திருந்தான். "நிறுத்துங்க" என்று அவள் கத்தியது மேலே குவாரியில் கல்லுடைத்தவர்களுக்கே கேட்டிருக்கிறது. அவன் நிறுத்தவில்லை. ஏறிய பிறகாவது நிறுத்தினானா? இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. கோயில் வாசல்வரை போய்க் கல்லை இறக்கி வைத்துவிட்டு, சக்கரத்தைக் கழுவச் சொன்னான்.

கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இது: "கோயில் கல்லு. நடுவழியில நிறுத்தக் கூடாது."

இதை நான் பிரபுவிடம் சொன்னேன், தலையாட்டினார். ஆயரிடம் சொன்னேன், செபம் செய்யச் சொன்னார். கோயில் வேலைக்கு ஜிராரின் கல் வேண்டும். அதனால் யாருக்கும் காது கேட்கவில்லை. பழைய கோயில் இருட்டாக இருக்கிறதாம், வெளிச்சம் வேண்டுமாம். சுவரை மெல்லியதாக்கி, வளைவுகளை மேலே கூம்பவிட்டு, கூரையைத் தாங்கக் கல்லாலேயே விலா எலும்பு போலக் கட்டி, மிச்ச இடமெல்லாம் கண்ணாடி வைக்கப் போகிறார்களாம். கடவுளே வெளிச்சம்தான் என்று எங்கள் கோயில் தியெரி சாமியார் பிரசங்கம் செய்தபோது, என் தங்கையை அந்த வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள் என்று கத்தலாம்போல எனக்கு வந்தது. கத்தவில்லை. நாளாக ஆக ஜிராருக்கு ஒரு ஆசை வந்தது. அந்தத் தூணைத் தன் பேரில் கொடுக்க வேண்டும், தன் பேர் கோயிலில் நிற்க வேண்டும். ரத்தப் பழி தீராதவன் கையால் தூணா என்று ஆயர் முகம் சுளித்துவிட்டார். அப்போதுதான் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்தது.

நீ ஏன் போனாய் என்று கேட்பீர்கள். எந்தப் பஞ்சாயத்தும் என்னை ஜிராரின் முகத்துக்கு நேரே நிறுத்திக் கேட்கவில்லை. வடத்தின் முன்னால் கேட்டே ஆக வேண்டும். ஊர் முழுவதும் கேட்க 'மாட்டேன்' என்று சொல்லத்தான் போனேன்.

"வந்துட்டியாடி?" என்றாள் பக்கத்து வீட்டு ரிஷில். என்னோடு சேர்ந்து நார் உரிப்பவள். "நீ வரமாட்டேன்னு புருஷன்கிட்டப் பந்தயம் கட்டியிருந்தேன்."

"தோத்துட்ட, போ."

"எமெலின், சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரு. சொன்னா உன் வாயா தேஞ்சிரப் போகுது?"

"உன் தங்கச்சி சக்கரத்துல மாட்டினா நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

அவள் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

தியெரி சாமியார் தந்திரக்காரர். தனித்தனியாகக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். கல்மேட்டில் ஏறி நின்று, "எல்லாரும் எல்லாரையும் மன்னிச்சாச்சா?" என்று மொத்தமாகக் கேட்டார். "மன்னிச்சாச்சு" என்று கூட்டம் முழங்கியது. நான் "இல்லை" என்றேன், தொண்டை கிழிய. முழக்கத்தில் அது எங்கே கேட்கும்? வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஜிரார் மட்டும் என்னைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். கோயில் மணி அடித்தது. சரி, கோயில் வாசலில் வைத்துச் சொல்கிறேன் என்று வடத்தைப் பிடித்தேன்.

வடம் பிடித்தால் பேசக் கூடாது. ஆயிரம் கால்கள் சேற்றில் பதியும் சத்தமும், அச்சு முனகும் சத்தமும் மட்டும்தான். முன்னால் சிலுவைக்கொடி போனது, பனியில் அதன் நுனிகூடத் தெரியவில்லை. வடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. எனக்கு முன்னால் ரிஷில். எனக்கு நேர் எதிரே முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்ட ஒருத்தி. பக்கத்து ஊர்க்காரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் நாற்றம் வந்தது.

குட்டையில் ஊறி அழுகிய ஆளித்தட்டையின் நாற்றம் அது. அந்தப் பருவத்தில் எங்கள் ஊரில் அது புதிதில்லை. ஆனால் அந்த வருடம் நாங்கள் தட்டை ஊறவைத்து முடித்து வெகுநாளாகியிருந்தது, குட்டையும் வற்றிவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லார் மூக்கிலிருந்தும் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது.

எதிரே இருந்தவளுக்கு வரவில்லை.

அவள் முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பனிதான் நனைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனிக்கு அவ்வளவு தண்ணீர் ஏது?

பாதை ஒடுங்கியது. இரண்டு பக்கமும் மண்மேடு எழும்பியது. எந்த இடம் என்று என் காலுக்கே தெரிந்தது. அங்கே நான் தனியாக எத்தனையோ முறை வந்து உட்கார்ந்திருக்கிறேன். வளைவில் வண்டி ஏறியது. அச்சு ஒருமுறை முனகியது.

வண்டி நின்றது.

"இழுங்க" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. இழுத்தோம். கல் தச்சர்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். சக்கரத்துக்கடியில் சேறு இல்லை, குழி இல்லை, கட்டாந்தரை. ஆயிரம் பேர் இழுத்தும் அது ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

அந்த அமைதியில் எதிரே இருந்தவள் கிசுகிசுத்தாள்.

"நின்னுடுச்சாக்கா?"

என்னை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

பயமா? பயம்தான், இல்லை என்று யார் சொன்னது? உள்ளங்கால்வரை குளிர்ந்துவிட்டது. அதற்குள் தியெரி சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையோரமாக ஓடிவந்தார். நேரே என்னிடம்தான் வந்தார்.

"உன் கைதான் எமெலின். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதானே கூட்டத்தோட கூட்டமாக் கேட்டீங்க? இப்பத் தனியாக் கேளுங்க."

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். இனி அவருக்கு வழியில்லை. "ஜிராரை மன்னிச்சிட்டியா?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்ல."

"வடத்தத் தொட்டுக்கிட்டுச் சொல்றே."

"தொட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். இந்த இடத்துலதான் அவ கிடந்தா. அவன் ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

"பிசாசு பிடிச்சவ" என்று யாரோ சொன்னார்கள். "கோயில் வேலைக்கு வந்த தரித்திரம்" என்று இன்னொருவர். என் தோளைப் பிடித்து இழுத்தார்கள், முடியைப் பிடித்தார்கள். மண்மேட்டின்மேல் கொண்டுபோய் என்னைத் தள்ளினார்கள். முழங்கை சிராய்த்தது. வலிக்கவில்லை. நான் நினைத்ததைச் சொல்லிவிட்டேன். ஜிராரின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"இப்ப இழுங்க" என்றார் சாமியார்.

இழுத்தார்கள். முகம் சிவக்க, நரம்பு புடைக்க இழுத்தார்கள்.

வண்டி நகரவில்லை.

அப்போதுதான் அந்த ஜனத்துக்கு உறைத்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு கை இருக்கிறது. சாமியார் வரிசையின் முன்னாலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். மன்னித்தேன், மன்னித்தேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மாமியாரை மன்னித்தார்கள், வேலி தள்ளிப் போட்டவனை மன்னித்தார்கள். கோழி திருடியவள் யாரென்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அத்தனை கழிந்தும் வண்டி அப்படியே நின்றது. சாமியாருக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும்.

"எல்லாரும் கையை எடுங்க" என்றார் கடைசியில். "வடத்தைக் கீழ போட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. திரும்ப ஒவ்வொருத்தரா வந்து பிடிங்க. எந்தக் கைன்னு பார்த்துடலாம்."

ஆயிரம் பேரும் கையை எடுத்தார்கள்.

வடம் கீழே விழவில்லை.

நான் மேட்டின்மேல் இருந்ததால் முழுவதும் தெரிந்தது. வண்டிக்கும், வரிசையில் முன்பு நான் நின்றிருந்த இடத்துக்கும் நடுவே அது இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றது. அதற்கு முன்னால் இருந்த பகுதி மட்டும் தொய்ந்து சேற்றில் கிடந்தது. விறைத்து நின்ற நுனியில், ஒரு கை அகலத்துக்குச் சணல் நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஒருவரும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒருத்தி மட்டும் விசும்பினாள்.

"ரிஷில்" என்று மேட்டிலிருந்து மெல்லக் கூப்பிட்டேன். "என் எதிர்ல முக்காடு போட்டு ஒருத்தி வந்தாளே. பார்த்தியா?"

அவள் வெளுத்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். "உன் எதிர்ல யாரும் இல்லடி. அந்த இடம் காலியாத்தான் வந்துச்சு."

ஜிரார் பொறுமை இழந்தான். கடவுளுக்கும் பயப்படாதவன் வடத்துக்கா பயப்படுவான்? "ஈரத்துல சணல் விறைச்சிருக்கு. இதுக்குப் போய் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க" என்று திட்டிக்கொண்டே வந்தான். வடத்தைக் கீழே அழுத்துவதற்காக இரண்டு கையாலும் பிடித்தான். சரியாக அந்த நசுங்கிய இடத்துக்கு அடுத்து.

அச்சு முனகியது.

சக்கரம் உருண்டது.

கூட்டம் சிதறி மேட்டில் ஏறியது. ஜிரார் வடத்தோடு நடந்தான், பிறகு வேகமாக நடந்தான். அவன் இழுக்கவில்லை, வடம் அவனை இழுத்தது. ஆயிரம் பேர் அசைக்க முடியாத கல், அவன் முதுகுக்குப் பின்னால் மேட்டுப் பாதையில் ஏறி வந்தது.

"விடு ஜிரார்" என்று சாமியார் கத்தினார். "கையை விடு."

"விட முடியல சாமி. ஒட்டிக்கிச்சு. யாரோ என் கை மேல கையை வெச்சிருக்காங்க."

அவன் ஓடினான். நின்றால் சக்கரம் ஏறிவிடும், அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருபுறமும் மண்மேடு, ஒதுங்க இடமில்லை. நாங்கள் மேட்டோடு ஓடினோம். அவனுடைய செருப்பு கழன்றது. கல்லில் கால் கிழிந்தது. "நிறுத்துங்க" என்று அவன் கத்தினான். வண்டியைப் பார்த்துக் கத்தினான், வானத்தைப் பார்த்துக் கத்தினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எமெலின். நிறுத்தச் சொல்லு. நீ சொன்னா கேட்பா. ஒரே ஒரு வார்த்தை."

நான் சொல்லியிருந்தால் நின்றிருக்குமோ, எனக்குத் தெரியாது. சொல்லவில்லை.

"கோயில் கல்லு" என்றேன். "நடுவழியில நிறுத்தக் கூடாது."

ஊர் வாசல் வந்தது, சந்தைத் திடல் வந்தது, வண்டி நிற்கவில்லை. புதுக்கோயிலின் பெரிய வாசலுக்கு அப்போது கதவு போட்டிருக்கவில்லை. வண்டி அதன் வழியே உள்ளே போனது. சாரத்தின்மேல் இருந்த கொத்தர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு சிலுவை போட்டுக்கொண்டார்கள். கூரை வராத அந்தக் கட்டடத்தில், கல் விலா எலும்புகள் மேலே பனியில் மறைந்து நின்றன. தூணுக்கென்று பீடம் கட்டி வைத்த இடத்தில் வந்து வண்டி நின்றது.

ஜிராரும் நின்றான். நின்றபடியே செத்திருந்தான். வடத்திலிருந்து விரல்களைப் பிரிக்க முடியாமல் வடத்தை அறுத்துத்தான் அவனைப் படுக்க வைத்தார்கள். அவன் இரண்டு புறங்கையிலும், மேலிருந்து அழுத்திய நான்கு விரல்களின் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. சின்ன விரல்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை யாரிடமும் சொல்லிக்கொண்டு இருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாக நார் உரித்திருப்பேன். விட்டார்களா?

தியெரி சாமியார் அந்தப் பிணத்தின் பக்கத்தில் முழங்காலிட்டார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது. "அற்புதம்" என்றார். "மனம் திரும்பின ஒரே ஒரு பாவி, ஆயிரம் பேர் இழுக்க முடியாத கல்லை மாதாவுக்காகத் தனியா இழுத்து வந்து உயிரை விட்டிருக்கான். பார்த்தீங்களா?"

பார்த்தோம் என்று அந்த ஜனம் அழுதது. என் காதால் கேட்டேன். அவன் கதறியதைக் கேட்டவர்கள், வடம் விழாமல் நின்றதைப் பார்த்தவர்கள், சேற்றில் விழுந்து கும்பிட்டார்கள். நான் நடுவில் போய் நின்று, அவிஸ் வந்தாள், அவள் செய்ததைத்தான் பார்த்தீர்கள் என்று சொன்னேன். என் வாயைப் பொத்தி வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள்.

"நீயாவது சொல்லேன்டி" என்று ரிஷிலைக் கேட்டேன். "காலி இடம்னு சொன்னியே."

"எனக்குப் பிள்ளைங்க இருக்கு எமெலின்" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அந்தக் கல் தூணாக நிமிர்ந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி வந்தது. வருடங்கள் போய், வாசலின்மேல் சிற்பம் வைக்கிற நாளும் வந்தது. கடைசி நியாயத்தீர்ப்பு. நடுவில் கிறிஸ்து, அவருடைய வலப்பக்கம் சொர்க்கம் போகிறவர்கள், இடப்பக்கம் நரகம். நரகம் என்றால் ஒரு பெரிய மிருகத்தின் வாய். திறந்திருக்கும், பல் வரிசையோடு. இதையெல்லாம் ஆன்சோ என்ற சிற்பி செதுக்கினார். சாமியார் அவரிடம் பிரத்தியேகமாக ஒன்று செய்யச் சொன்னார். சொர்க்கம் போகிறவர்கள் வரிசையின் முதலில் ஜிராரை வைக்கச் சொன்னார். குட்டி வண்டியொன்றைத் தோளில் வடம் போட்டு இழுத்துக்கொண்டு போகிறான்; முகத்தில் சாந்தம்; எதிரே ஒரு தேவதூதர் அவன் தலையில் கிரீடம் வைக்கிறார். யாத்திரைக்காரர்கள் ஏணி கேட்டு ஏறி அவன் காலை முத்தமிட்டார்கள். என் தங்கையின் கல்லறைமேல் ஒரு கல்லுக்குக்கூட வழியில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாசலைத் தாண்டித்தான் பூசைக்குப் போக வேண்டும்.

குளிர்காலத்தில் சிற்பங்களை வைக்கோலால் மூடி வைப்பார்கள். வசந்தத்தில் வைக்கோலை எடுத்தபோது ஆன்சோதான் முதலில் கவனித்தார். நான் வாசலில் நூல்கண்டு விற்றுக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்றபடி அவர் திட்டுவது கேட்டது.

"எந்த மடையன் கையை வெச்சது இதுல?"

"என்னாச்சு?" என்று கேட்டேன்.

"கிரீடம் அவன் தலையில பட்டுக்கிட்டு இருந்துச்சு. நானே செதுக்கினேன். இப்ப நடுவுல என் கையே போகுது."

பனியில் கல் வெடித்திருக்கும் என்று சாமியார் சொன்னார். "கல்லு வெடிக்கும் சாமி. நடந்து போகாது" என்றார் ஆன்சோ. இடைவெளியில் சுண்ணாம்பு வைத்துப் பூசினார். அடுத்த வசந்தத்தில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது, ஜிரார் அதிலிருந்து விலகியிருந்தான். அதற்கடுத்த வருடம் அவன் கிறிஸ்துவின் காலடிக்கு வந்துவிட்டான். ஆன்சோ கருவிகளை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். கூலி கேட்கக்கூட நிற்கவில்லை.

அவன் திரும்பி நடக்கவில்லை. முகம் சொர்க்கத்தைப் பார்த்தபடியே, சாந்தமாகச் சிரித்தபடியே, முதுகுப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான். வண்டி அவனை இழுத்தது.

கிறிஸ்துவின் இடப்பக்கம் அவன் வந்த வருடம், தியெரி சாமியார் என் வீட்டுக்கு வந்தார். கிழவராகியிருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவரே நார்க்கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"யாத்திரைக்காரங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க எமெலின். செதுக்கி எடுத்துடலாம்னா உளி உடையுது. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா நின்னுடும். அவன்தான் செத்துட்டானே. இன்னும் என்ன கோபம்?"

"செத்தவனைச் சொர்க்கத்து வாசல்ல நிறுத்தினது நீங்க. நானா நிறுத்தினேன்?"

"தப்புதான்னே வெச்சுக்க. உன் கால்ல விழணுமா?"

"என்னை எதுக்குக் கேக்குறீங்க சாமி? அன்னைக்கு வடத்தைப் பிடிச்ச ஆயிரம் பேரையும் கேட்டீங்க. ஒருத்தியை மட்டும் விட்டுட்டீங்க. நான் மேட்டுல கிடந்தேன், என் கை வடத்துலயே இல்ல. யார் கை இருந்துச்சோ அவளைக் கேளுங்க."

"செத்தவளை எப்படிக் கேக்குறது?"

"பேர் சொல்லிக் கேளுங்க. உங்க வாயால ஒருதடவையாவது அவ பேரைச் சொல்லுங்க."

அவர் எழுந்து கோயிலை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன். பட்டப்பகல். சந்தை நடந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் யாத்திரைக்காரர்கள் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார்கள். சாமியார் வாசலுக்கு நேர் கீழே நின்று தொப்பியைக் கழற்றினார். சந்தைச் சத்தம் மெல்ல அடங்கியது.

"அவிஸ்" என்றார். குரல் உடைந்தது. "அவிஸ், உன் மேல வண்டி ஏத்தினவனை நீ மன்னிச்சிட்டியா?"

ஒன்றும் நடக்கவில்லை. புறா ஒன்று இறக்கையடித்துப் பறந்தது.

பிறகு அந்த நாற்றம் வந்தது. ஊறி அழுகிய ஆளித்தட்டை. ரொட்டி தின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

மேலே, கல்லோடு கல் உரசியது.

அதைக் காதால் அவ்வளவு பேரும் கேட்டார்கள். மெல்ல, நெடுநேரம், கனமான எதையோ தரையில் இழுப்பதுபோல். சாமியாரின் வழுக்கைத் தலையில் வெள்ளைத் தூள் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். மிருகத்தின் பல் வரிசைக்குள் குட்டி வண்டியின் பின்சக்கரம் நுழைந்திருந்தது. ஜிரார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், கிரீடம் இருந்த பக்கம் பார்த்து.

"அவிஸ், நிறுத்தும்மா" என்றார் சாமியார், கெஞ்சலாக.

யாத்திரைக்காரர்கள் ஓடினார்கள். சாமியார் என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். அவரும் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

சத்தம் நிற்கவில்லை.